காணிக்கை யாரைச் சேர வேண்டும்? – வாசகர் கேள்வி பதில்

வறிய நாடுகளில் உள்ள அனாதை இல்லங்களுக்குத் திருச்சபைகள் பணமும் ஆட்களும் அனுப்புவது பற்றி வாசகர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். எல்லாமே ஒரே பொருளைச் சுற்றி வரும் கேள்விகள் என்பதால் அவற்றை இங்கே சேர்த்துத் தருகிறேன். சில கடிதங்கள் சுருக்கப்பட்டுள்ளன.

எங்கள் சபை பல ஆண்டுகளாக வெளிநாட்டு அனாதை இல்லம் ஒன்றுக்கு மாதந்தோறும் காணிக்கை அனுப்பி வருகிறது. அண்மையில் நடந்த சபைக் கூட்டத்தில் ஒருவர் எழுந்து, இத்தகைய இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குப் பெற்றோர் உயிருடன் இருக்கிறார்கள் என்றார். பலருக்கும் அதிர்ச்சியாக இருந்தது. இது உண்மைதானா? உண்மையானால் அந்தப் பிள்ளைகள் ஏன் அங்கே இருக்கிறார்கள்?
– ஒரு சபையின் பொருளாளர்

உண்மைதான். கம்போடியாவில் 2005-க்கும் 2010-க்கும் இடையே இத்தகைய இல்லங்களின் எண்ணிக்கை 75 விழுக்காடு கூடியது. உள்நாட்டுப் போர் முடிந்து பல ஆண்டுகள் கழிந்துவிட்ட அந்த நாட்டில், அந்த ஐந்தாண்டுகளில் அத்தனை பிள்ளைகள் திடீரென்று பெற்றோரை இழந்துவிடவில்லை. அரசும் யுனிசெஃப் அமைப்பும் ஆராய்ந்தபோது, இல்லங்களில் இருந்த பிள்ளைகளில் ஏறத்தாழ முக்கால்வாசிப் பேருக்குத் தாயோ தகப்பனோ உயிருடன் இருந்தது தெரிய வந்தது. ஹெய்ட்டியில் ஐந்தில் நான்கு பிள்ளைகளின் நிலை இதுவே என்று மதிப்பிடப்பட்டுள்ளது.

நன்கொடைக் கடிதங்களில் அடிக்கடி வரும் 14 கோடி அனாதைகள் என்ற எண்ணையும் இங்கே பார்த்துவிட வேண்டும். அது 2015-ஆம் ஆண்டுக்கான யுனிசெஃப் மதிப்பீட்டிலிருந்து எடுக்கப்பட்டது. பெற்றோரில் ஒருவரை மட்டும் இழந்த பிள்ளைகளும் அதில் அடக்கம். இருவரையும் இழந்தவர்கள் அதில் ஏறத்தாழ ஒன்றரைக் கோடிப் பேர்தான். அவர்களிலும் மிகப் பலர் பாட்டி, சித்தி, மாமன், மூத்த அண்ணன் என்று யாராவது ஓர் உறவினரிடம் வளர்கிறார்கள்.

அப்படியானால் இல்லத்துக்கு ஏன் அனுப்புகிறார்கள் என்பதுதான் தங்கள் கேள்வியின் உயிர்நிலை. பெரும்பாலும் பள்ளிக்கூடத்துக்காக. மலைக்கிராமம் ஒன்றில் கணவனை இழந்த ஒரு தாய் இருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். நாலாவது வகுப்புக்கு மேல் படிக்க வேண்டுமானால் பிள்ளை அரைநாள் நடக்க வேண்டும். சீருடைக்கும் புத்தகத்துக்கும் அவளிடம் பணமில்லை. அப்போது நகரத்திலிருந்து வரும் ஒருவர், தங்குமிடமும் மூன்று வேளைச் சாப்பாடும் ஆங்கிலப் பள்ளியும் இலவசம் என்கிறார். அவள் பிள்ளையைக் கைவிடவில்லை. விடுதியில் சேர்ப்பதாகத்தான் எண்ணிக்கொண்டு, காட்டிய இடத்தில் கைநாட்டு வைக்கிறாள். அந்தத் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் அவளுக்குப் படித்துக் காட்டுவதில்லை. நேபாளத்தில் உள்நாட்டுப் போர் நடந்த 1996 முதல் 2006 வரையிலான காலத்திலும் அதன் பிறகும் ஹும்லா போன்ற தொலைதூர மாவட்டங்களிலிருந்து இப்படிப் பிள்ளைகள் காத்மாண்டுக்குக் கொண்டுவரப்பட்டார்கள். பெற்றோர் உயிரோடிருக்கையிலேயே அவர்கள் இறந்துவிட்டதாகப் போலி ஆவணங்கள் தயாரிக்கப்பட்டதும் உண்டு. அந்த நாட்டின் குழந்தைகள் இல்லங்களில் பெரும்பாலானவை வறுமை மிகுந்த மாவட்டங்களில் இல்லை. காத்மாண்டு, லலித்பூர், பக்தபூர், காஸ்கி, சித்வன் என்று வெளிநாட்டவர் மிகுதியாக வந்துபோகும் ஐந்து மாவட்டங்களில்தான் இருக்கின்றன. பிள்ளைகளின் தேவை எங்கே இருக்கிறதோ அங்கே இல்லாமல், கொடுப்பவர்களின் கண் எங்கே படுகிறதோ அங்கே இல்லங்கள் எழுந்திருக்கின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

தங்கள் சபை தாங்கும் இல்லம் இப்படிப்பட்டது என்று நான் சொல்லவில்லை. நேர்மையும் தியாகமும் உள்ள நிர்வாகிகள் பலர் இருக்கிறார்கள். ஆனால் நேர்மையான இல்லத்துக்கும் இது பொருந்தும்: வறுமைக்குக் கிடைக்கும் ஒரே உதவி இல்லத்துக்குள்ளே மட்டும் இருக்குமானால், ஏழைப் பெற்றோர் தங்கள் பிள்ளையை அதற்குள்ளே அனுப்பத்தான் செய்வார்கள்.

திக்கற்ற பிள்ளைகளை விசாரிப்பது வேதம் நமக்கு இட்ட கட்டளை. ஜார்ஜ் முல்லர் போன்ற பரிசுத்தவான்கள் செய்த ஊழியத்தை இன்று குறை சொல்வது எனக்கு வேதனையாக இருக்கிறது. தங்கள் கருத்து என்ன?
– ஒரு சபை மூப்பர்

தங்கள் வேதனையை மதிக்கிறேன். முல்லரின் ஊழியத்தை நான் குறை சொல்லமாட்டேன். அவர் 1836-இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரிலுள்ள வில்சன் தெருவில் முதல் இல்லத்தைத் திறந்த காலத்தில், ஆதரவற்ற ஏழைப் பிள்ளைக்கு அங்கிருந்த வழி தெரு அல்லது ஏழைகளை வேலை வாங்கிக்கொண்டு தங்கவைத்த அரசின் வேலைக்கூடம். காலரா குடும்பம் குடும்பமாக வாரிக்கொண்டு போன காலம் அது. 1898-இல் அவர் இறப்பதற்குள் ஏறத்தாழ 10,000 பிள்ளைகள் அவருடைய பராமரிப்பில் வளர்ந்திருந்தார்கள். அந்தக் காலத்துக்கு அது தேவையாக இருந்தது.

ஆனால் பிரிட்டனும் அமெரிக்காவும் பிறகு என்ன செய்தன என்பதையும் பார்க்க வேண்டும். 1909-இல் அமெரிக்க அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் வெள்ளை மாளிகையில் கூட்டிய மாநாடு, வறுமை என்ற ஒரே காரணத்துக்காக ஒரு பிள்ளையை வீட்டிலிருந்து பிரிக்கக் கூடாது என்று அறிவித்தது. அதன் பிறகு அமெரிக்காவில் பல மாநிலங்கள் கைம்பெண்களுக்கு உதவித்தொகை கொடுக்கத் தொடங்கின. இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதிக்குள் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் பெரிய அனாதை இல்லங்கள் ஏறக்குறைய மறைந்துபோயின. வளர்ப்புக் குடும்பங்களும் குடும்ப உதவித் திட்டங்களும் அவற்றின் இடத்துக்கு வந்தன. தங்கள் சொந்தப் பிள்ளைகளுக்கு வேண்டாமென்று அந்தச் சமூகங்கள் ஒதுக்கிய ஒன்றை, அங்குள்ள சபைகளே அடுத்தவர் பிள்ளைகளுக்கு மனமுவந்து கட்டிக்கொடுத்துக் கொண்டிருக்கின்றன. அமெரிக்கக் கிறிஸ்தவர்கள் மட்டும் இத்தகைய இல்லங்களுக்கு ஆண்டுதோறும் ஏறத்தாழ 330 கோடி டாலர் கொடுப்பதாக பார்னா ஆய்வு நிறுவனம் 2021-இல் மதிப்பிட்டது. அத்தனையும் அன்பினால் கொடுக்கப்பட்ட பணம். அதனால்தான் இதைப் பற்றிப் பேசியாக வேண்டும்.

தாங்கள் குறிப்பிடும் கட்டளை யாக்கோபு நிருபத்தின் முதல் அதிகாரம் 27-ஆம் வசனம். அதில் திக்கற்ற பிள்ளைகளும் விதவைகளும் சேர்ந்தே வருகிறார்கள்; அவர்கள் படுகிற உபத்திரவத்திலே அவர்களை விசாரிக்க வேண்டும் என்கிறது வசனம். இன்று வறிய நாடுகளின் இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் பலர் அந்த விதவையின் பிள்ளைகளே. பிள்ளையை மட்டும் எடுத்துக்கொண்டு, தாயை அவளுடைய குடிசையிலேயே விட்டுவிட்டு வருவது அந்தக் கட்டளையில் பாதியைத்தான் நிறைவேற்றுகிறது. உபத்திரவப்படும் அவளுக்கு இன்னுமோர் இழப்பையும் கூட்டிவிடுகிறது. இருவரையும் ஒரே கூரையின் கீழ் வைத்து விசாரிக்க நம்மால் முடியும். முல்லரின் காலத்தில் அவ்வளவாக இல்லாத வழிகள் இன்று இருக்கின்றன.

நாங்கள் தாங்கும் இல்லத்தை நேரில் பார்த்திருக்கிறேன். சுத்தமான படுக்கை, நல்ல உணவு, தினமும் ஜெபம், கல்வி எல்லாம் உண்டு. பிள்ளைகளின் வீட்டில் இவற்றில் ஒன்றுகூடக் கிடைக்காது. நல்ல இல்லம் மோசமான வீட்டைவிட மேல் அல்லவா?
– ஓர் ஆசிரியை

பிள்ளைக்கு ஆபத்தான வீடு என்றால், ஆம், அங்கிருந்து அதை அகற்றத்தான் வேண்டும். ஆனால் ஏழை வீடு மோசமான வீடு அல்ல என்பதை ஆசிரியையான தாங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள்.

ருமேனியாவில் 1989-இல் கம்யூனிச அதிபர் சௌஷெஸ்குவின் ஆட்சி கவிழ்ந்தபோது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் அரசு இல்லங்களில் இருந்தார்கள். அந்த நாட்டின் தலைநகர் புக்கரெஸ்டில் 2000-ஆம் ஆண்டில் தொடங்கிய ஆய்வில், இல்லங்களில் இருந்த 136 குழந்தைகளில் பாதிப் பேர் குலுக்கல் முறையில் வளர்ப்புக் குடும்பங்களில் வைக்கப்பட்டார்கள். அறிவு வளர்ச்சியிலும் பிறரோடு பாசம் கொள்ளும் திறனிலும் குடும்பத்துக்குப் போனவர்கள் முந்தினார்கள். இரண்டு வயதுக்கு முன்பே போனவர்களிடம் முன்னேற்றம் மிகுதியாக இருந்தது. ருமேனிய இல்லங்கள் மிக மோசமானவை, நம்முடையது அப்படியல்ல என்று தாங்கள் சொல்லலாம். ஆனால் படுக்கையும் உணவும் திருத்தமாக உள்ள இடத்திலும் முறை வேலை என்ற ஒன்று இருக்கிறது. காலையில் ஒருவர், மாலையில் ஒருவர், இரவில் இன்னொருவர். ஓராண்டில் அவர்களில் பாதிப் பேர் வேறு வேலைக்குப் போய்விடுவார்கள். இரவில் காய்ச்சலில் விழித்து அழும் குழந்தை யார் பெயரைச் சொல்லி அழும் என்று எண்ணிப் பாருங்கள். எத்தனை நல்ல நிர்வாகத்தாலும் இந்தக் குறையைத் தீர்க்க முடிவதில்லை.

பாதுகாப்பையும் பார்வையை மட்டும் கொண்டு தீர்மானிக்க முடியாது. 2020 பிப்ரவரியில் ஹெய்ட்டியின் கென்ஸ்கோஃப் பகுதியில், அமெரிக்கக் கிறிஸ்தவ அமைப்பு ஒன்று நடத்திய இல்லத்தில் இரவில் தீப்பிடித்து 15 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் பிள்ளைகள். அந்த இல்லத்துக்கு அரசின் அங்கீகாரம் இல்லை. மின்சாரம் இல்லாததால் மெழுகுவர்த்தி ஏற்றியிருந்ததாகச் செய்திகள் தெரிவித்தன. பணம் அனுப்பியவர்கள் யாரும் இப்படி நடக்கும் என்று நினைத்திருக்க மாட்டார்கள்.

எங்கள் இளைஞர் குழு ஒவ்வோர் ஆண்டும் விடுமுறையில் இரண்டு வாரம் ஓர் அனாதை இல்லத்துக்குச் சென்று, பிள்ளைகளோடு விளையாடி, பாட்டும் வேதக் கதைகளும் சொல்லிக்கொடுத்து வருகிறது. பிள்ளைகள் எங்களைப் பார்த்ததும் ஓடிவந்து கட்டிக்கொள்கிறார்கள். இதில் தவறென்ன இருக்க முடியும்?
– ஓர் இளைஞர் குழுத் தலைவர்

தம்பி, உங்கள் குழுவின் மனம் நல்லது என்பதில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை. ஆனால் முன்பின் பார்த்திராத ஒருவரிடம் ஒரு பிள்ளை ஓடிவந்து கட்டிக்கொள்வதும், மடியில் ஏறி உட்கார்ந்துகொள்வதும், கையை விடாமல் கூடவே நடப்பதும் எதைக் காட்டுகின்றன? குடும்பத்தில் வளரும் மூன்று வயதுப் பிள்ளை புதியவரைக் கண்டால் தாயின் பின்னால் ஒளிந்துகொள்ளும். யாரிடமும் ஒளிய இடமில்லாத பிள்ளைதான் எல்லோரிடமும் ஓடிப்போகும். குழந்தை மனநல மருத்துவர்கள் இதை நிலையான பராமரிப்பு கிடைக்காததன் அறிகுறியாகவே பார்க்கிறார்கள். இரண்டு வாரம் முடிந்து நீங்கள் பேருந்தில் ஏறும்போது, அந்தப் பிள்ளை இன்னுமொரு பிரிவைத் தாங்க வேண்டியிருக்கிறது. அடுத்த மாதம் வேறொரு குழு வரும், அதுவும் போகும்.

பின்னணி விசாரிக்கப்படாத அந்நியர்களைப் பிள்ளைகளோடு தனியே பழக விடும் பழக்கம், கெட்ட நோக்கமுள்ளவர்களுக்கும் அதே கதவைத் திறந்துவைக்கிறது. உங்கள் வீட்டுப் பிள்ளையின் பள்ளியில் இதை அனுமதிப்பார்களா? ஆஸ்திரேலிய நாடாளுமன்றக் குழு ஒன்று 2017-இல் வெளியிட்ட அறிக்கை, அனாதை இல்லங்களுக்காகப் பிள்ளைகளைக் கடத்துவதை நவீன அடிமைமுறையின் ஒரு வடிவமாக அடையாளம் கண்டது. 2019 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை நிறைவேற்றிய தீர்மானமும், அனாதை இல்லங்களில் நடக்கும் தன்னார்வப் பயணங்களால் பிள்ளைகளுக்கு வரும் தீங்கைத் தடுக்கும்படி நாடுகளைக் கேட்டுக்கொண்டது.

எனவே, அடுத்த ஆண்டுப் பயணத்தை அனாதை இல்லத்துக்கு வைக்க வேண்டாம் என்று வெளிப்படையாகவே சொல்கிறேன். போக வேண்டுமென்றால், அந்த ஊர்ச் சபையிடம் என்ன தேவை என்று முன்கூட்டியே கேளுங்கள். அங்குள்ள பணியாளர்களுக்குப் பயிற்சி அளிக்கத் தகுதியுள்ளவர்கள் உங்களில் இருந்தால் அவர்கள் போகட்டும். இல்லையென்றால் பயணச் செலவை அங்குள்ள சமூகப் பணியாளர் ஒருவரின் சம்பளத்துக்குக் கொடுத்துவிடுங்கள். பல வறிய நாடுகளில் ஒரு குழுவின் விமானக் கட்டணத்தில் அவருக்கு ஓராண்டுச் சம்பளமே கொடுத்துவிடலாம்.

பூகம்பம், போர் போன்ற பேரிடர் வந்தவுடன் பிள்ளைகளைக் காப்பாற்ற இல்லம் தொடங்குவது அவசியம்தானே?
– ஒரு வாசகர்

அந்த வேளையில்தான் மிகுந்த நிதானம் வேண்டும். 2010 ஜனவரி 12 அன்று ஹெய்ட்டியில் பூகம்பம் ஏற்பட்டது. அந்த மாத இறுதியில் அமெரிக்க பாப்டிஸ்ட் சபையினர் பத்துப் பேர், 33 பிள்ளைகளை எல்லை கடந்து டொமினிக்கன் குடியரசுக்குக் கொண்டுபோக முயன்றபோது தடுத்து வைக்கப்பட்டார்கள். பிள்ளைகளை அனாதைகள் என்று சொன்னார்கள். விசாரித்தால் பெற்றோர் இருந்தார்கள். 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு இந்தோனேசியாவின் ஆச்சே பகுதி இல்லங்களில் சேர்க்கப்பட்ட பிள்ளைகளிலும் பெரும்பாலோர், கல்வி கிடைக்கும் என்று குடும்பத்தாராலேயே சேர்க்கப்பட்டவர்கள். பேரிடரில் முதல் வேலை, பிரிந்துபோன பிள்ளையின் பெயரையும் ஊரையும் பதிவு செய்து உறவினரைத் தேடுவது. அதுவரை தற்காலிகப் பாதுகாப்பு போதும். நிரந்தரக் கட்டடம் எழுப்புவது அந்த வாரங்களில் செய்ய வேண்டிய வேலை அல்ல.

இவற்றையெல்லாம் கேட்ட பிறகு எங்கள் குழுவில் சிலர் பணத்தை உடனே நிறுத்திவிட வேண்டும் என்கிறார்கள். அப்படிச் செய்தால் அந்தப் பிள்ளைகள் தெருவுக்கு வந்துவிட மாட்டார்களா?
– ஒரு மிஷனரிக் குழுவின் செயலாளர்

உடனே நிறுத்தக் கூடாது. பணம் திடீரென்று நின்றால், அவசர அவசரமாகப் பிள்ளைகளைப் பேருந்தில் ஏற்றி அனுப்பிவிடும் இல்லங்கள் உண்டு. அது மீண்டும் ஒரு கைவிடல்.

செய்ய வேண்டியது, அதே பணத்தின் திசையை மெல்ல மாற்றுவது. முதலில் இல்லத்தின் பொறுப்பாளரோடு உட்கார்ந்து, குற்றம் சாட்டும் தொனி இல்லாமல், ஒவ்வொரு பிள்ளையைப் பற்றியும் கேளுங்கள். தாய் எங்கே, கடைசியாக எப்போது பார்க்க வந்தாள், சேர்க்கை ஆவணத்தில் யார் கையெழுத்து, சென்ற ஆண்டில் எத்தனை பிள்ளைகள் வீடு திரும்பினார்கள், பதினெட்டு வயதானவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள், அரசு உரிமம் எந்த ஆண்டு வரை செல்லும். பதில்கள் இருந்தால் நல்ல இல்லம். மழுப்பினால் அதுவும் ஒரு பதில்தான். அடுத்து, புதிய சேர்க்கையை நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள். பிறகு பயிற்சி பெற்ற சமூகப் பணியாளர் ஒருவருக்குச் சம்பளம் கொடுங்கள். அவர் ஒவ்வொரு பிள்ளையின் ஊருக்கும் போவார்.

அவர் போகும் வீடுகளில் ஒன்றை நெருங்கிப் பார்த்தால் இந்த வேலை எளிதல்ல என்பது புரியும். பாட்டி இருக்கிறாள், பேரனை வைத்துக்கொள்ள ஆசைதான், ஆனால் கூரை ஒழுகுகிறது, பள்ளிக்குக் கட்டணம் இல்லை. ஆறு ஆண்டுகள் நகரில் இருந்த பேரனோ வீட்டு மொழியைப் பாதி மறந்துவிட்டான். முதலில் பாட்டி வந்து பார்க்கிறாள், பிறகு அவன் ஒரு வார இறுதிக்குப் போய்த் தங்குகிறான், பிறகு பள்ளி விடுமுறைக்கு. கூரைக்குத் தகடும், கட்டணமும், பாட்டி சிறு வியாபாரம் தொடங்க முதலும் தயாரான பிறகே அவன் மூட்டை கட்டுகிறான். அதற்குப் பிறகும் ஓரிரு ஆண்டுகளாவது பணியாளர் மாதந்தோறும் வந்து பார்க்க வேண்டும். எல்லாப் பிள்ளைகளும் ஒரே வேகத்தில் போகமாட்டார்கள். சிலரை அனுப்பவே முடியாது. பொறுமையில்லாத சபை இதில் இறங்க வேண்டாம்.

செலவு பற்றிய அச்சம் தேவையில்லை. தான்சானியாவின் காகெரா பகுதியில் நடந்த உலக வங்கி ஆய்வில், இல்லத்தில் ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 1,000 டாலருக்கு மேல் ஆனது. வளர்ப்புக் குடும்பத்தில் ஆன செலவைப்போல் அது ஏறத்தாழ ஆறு மடங்கு. நாடு முழுவதும் இந்த மாற்றத்தைச் செய்தவர்களும் இருக்கிறார்கள். 1994 இனப்படுகொலையால் இல்லங்கள் நிரம்பிய ருவாண்டா, 2012-இல் தேசியத் திட்டம் ஒன்றை ஏற்று, 33 இல்லங்களில் இருந்த 3,300-க்கும் மேற்பட்டோரில் பெரும்பாலோரைக் குடும்பங்களில் சேர்த்தது. கென்யா 2017-இல் புதிய இல்லங்களைப் பதிவு செய்வதை நிறுத்திவைத்தது. 2022-இல் பத்தாண்டுச் சீர்திருத்தத் திட்டத்தை வெளியிட்டது. அங்கும் குவாத்தமாலாவிலும் கத்தோலிக்க நிவாரண அமைப்பான சி.ஆர்.எஸ். இதே பணியை முன்னின்று செய்து வருகிறது. சபைகள் பின்தங்கிவிடவில்லை, சில சபைகள் முன்னே நடக்கின்றன.

உண்மையிலேயே யாருமே இல்லாத பிள்ளைக்கு என்ன வழி?
– ஒரு வாசகி

உறவினர் தேடலை முழுமையாக முடித்த பிறகும் யாரும் இல்லையென்றால், அதே ஊரில், அதே மொழி பேசும் வளர்ப்புக் குடும்பம். சட்டம் அனுமதிக்கும் இடத்தில் உள்நாட்டுத் தத்தெடுப்பு. இரண்டும் முடியாதவர்களுக்கு, குறிப்பாகக் கடும் ஊனமுள்ள பிள்ளைகளுக்கும் வளர்ந்த இளைஞர்களுக்கும், நிலையான பொறுப்பாளர்களோடு கூடிய சிறிய இல்லம். 2009-இல் ஐ.நா. பொதுச்சபை வரவேற்ற மாற்றுப் பராமரிப்பு வழிகாட்டுதல்களும் நிறுவனப் பராமரிப்பைத் தேவையான அளவுக்கு மட்டுமே ஏற்கின்றன. வளர்ப்புக் குடும்பங்களைக் கண்டுபிடிப்பதில் அந்த ஊர்ச் சபைக்கு நிகரான அமைப்பு வேறில்லை. யார் வீட்டில் அன்பு இருக்கிறது, யார் வீட்டில் குடி இருக்கிறது என்பது வாரந்தோறும் கூடும் சபைக்குத் தெரியும். வெளிநாட்டு அலுவலகத்துக்குத் தெரியாது.

எங்கள் சபையார் நகையை விற்றுக்கூடக் கொடுத்துக் கட்டிய இல்லம் அது. பிள்ளைகள் வீடு திரும்பிவிட்டால் அந்தக் கட்டடம் வீணாகிவிடுமே?
– பெயர் வெளியிட விரும்பாதவர்

வீணாகாது. கொடுத்தவர்களின் தியாகத்தையும் நான் சிறுமைப்படுத்தமாட்டேன். பல நாடுகளில் இப்படிக் காலியான இல்லங்கள் பகல்நேரக் குழந்தைப் பராமரிப்பு மையங்களாகவும், தொடக்கப் பள்ளிகளாகவும், ஊனமுள்ள பிள்ளைகளுக்கான சிகிச்சை மையங்களாகவும் மாறியிருக்கின்றன. தாய்மார் வேலைக்குப் போகும் நேரத்தில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஓர் இடம் இருந்தால், அவர்களில் பலர் இல்லத்தை நாட வேண்டிய தேவையே எழாது. சமைத்தவர்களுக்கும் பராமரித்தவர்களுக்கும் அங்கேயே வேலை தொடரும். கொடுத்தவர்களிடம் இதை மறைக்காமல் சபைக் கூட்டத்தில் வைத்துச் சொல்லுங்கள். கட்டடம் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்பதை மட்டும் அதற்கு முன்பே ஒரு வழக்கறிஞரைக் கொண்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.